அடுத்த வெள்ளத்தில் யாரை நம்புவோம்?

2018 மே 9. பல்லாவரத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர், உறவினர்களோடு காரில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் சாமி கும்பிடப் போனார். அத்திமூர் அருகே வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். குழந்தை கடத்தும் கும்பல் வந்துவிட்டது என்று ஊர் திரண்டது. அடித்தே கொன்றார்கள் அந்த மூதாட்டியை. கூட வந்தவர்கள் படுகாயத்தோடு தப்பினார்கள். அடித்தவர்களுக்கும் அவருக்கும் முன்பின் பழக்கம் இல்லை, பகையும் இல்லை. அதற்கு முந்தைய சில வாரங்களாக, "வடக்கே இருந்து குழந்தை பிடிக்க ஆள் இறங்கியிருக்கிறது, போலீஸ் எதுவும் செய்யாது, நம் பிள்ளைகளை நாமேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்" என்ற குரல் பதிவுகள் வட மாவட்டங்களில் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றிக்கொண்டிருந்தன.

அந்தச் சாவிலிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. 2024 பிப்ரவரியில், அதே பல்லாவரத்தை ஒட்டிய பம்மலில், திருநங்கை ஒருவரைக் குழந்தை கடத்த வந்தவர் என்று சொல்லிக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அவர் அந்தப் பகுதியிலேயே குடியிருந்து வேலைக்குப் போய் வந்தவர். போலீசார் வந்து மீட்டதால் உயிர் பிழைத்தார்.

இந்த இரண்டையும் ஏதோ ஒரு கும்பலின் மூர்க்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. கை ஓங்குவதற்கு முன்னால் காது தயாராகியிருக்கிறது. "யாரையும் நம்பாதே, அரசை நம்பாதே, ஆஸ்பத்திரியை நம்பாதே, பேப்பரை நம்பாதே, நான் சொல்வதை மட்டும் கேள்" என்று நாள் முழுக்கப் பேசும் குரல்கள் அந்தக் காதைத் தயார் செய்கின்றன. அந்தக் குரல்களைப் பற்றித்தான் இங்கே எச்சரிக்க விரும்புகிறோம். தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள புறநகர்களிலும் அவை இன்று வீட்டுக்கு வீடு வானொலியாகவே ஆகிவிட்டன.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பாருங்கள். மேடவாக்கம் கூட்டுரோட்டு டீக்கடையில் நின்று பாருங்கள். முன்பு பாட்டு கேட்ட இடத்தில் இப்போது பேச்சு கேட்கிறது. கைப்பேசியில் யூடியூபையோ வாட்ஸ்ஆப் குரல் பதிவையோ ஓடவிட்டு, அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஓட்டுநர் வண்டி ஓட்டுகிறார், கடைக்காரர் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், வீட்டில் அம்மா காய் நறுக்குகிறார். பேசுகிறவர் நம் வீட்டு ஆள் போலவே பேசுகிறார். "சொந்தங்களே" என்று தொடங்குவார். சின்ன வெங்காயம் விற்கிற விலையைச் சொல்வார். பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட நகையை அடகு வைத்த கதை வரும். முட்டிவலிக்கு அவர் பாட்டி போட்ட பத்து வரும். கரண்ட் பில் ஏறியது, தெருவில் தோண்டிய பள்ளத்தை மூடாமல் போனது, ரேஷன் கடையில் அரிசி இல்லை என்று திருப்பி அனுப்பியது எல்லாம் வரும். இதில் பொய் ஒன்றுமில்லை. கேட்கிறவர் தலையாட்டுகிறார். இப்படிப் பலமுறை தலையாட்டிய பிறகுதான், "இதை எந்த டிவியும் உங்களுக்குச் சொல்லாது" என்று குரல் தாழ்த்தி அடுத்த விஷயம் வருகிறது. தடுப்பூசி ஒரு சதி. ஆஸ்பத்திரி பிரசவம் ஒரு வியாபாரம். மழை அறிவிப்பு ஒரு நாடகம். தெருவில் நிற்கிற வெளியூர்க்காரன் ஒரு திருடன். முதலில் சொன்ன உண்மைகளுக்குக் கிடைத்த நம்பிக்கை, கடைசியில் வரும் பொய்க்கும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கேட்பவர்களை ஏமாளிகள் என்று சொல்ல மாட்டோம். தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்குச் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. நிறுவனங்களே அந்தக் காரணத்தைக் கையில் கொடுத்திருக்கின்றன.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுக்குள்ளேயே போயின. மாடிக்கு ஏறியவர்களைப் படகில் வந்து இறக்க வேண்டியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எப்போது, எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள், கரையோர மக்களுக்கு ஏன் நேரத்தோடு சொல்லவில்லை என்று கேட்டவர்களுக்கு, இயற்கைப் பேரிடர் என்பதே பதிலாகக் கிடைத்தது. 29,000 கன அடி வரை திறந்துவிட்ட விதத்தைக் குறை கூறி, இது மனிதத் தவறால் வந்த பேரழிவு என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில்தான். இரண்டரை ஆண்டுகள் மக்கள் சந்தேகத்தோடு காத்திருந்தார்கள். கடைசியில் சந்தேகம் சரியென்றே ஆனது.

2021 மே மாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் போனதுதான் காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். 2024 டிசம்பரில் பல்லாவரம், ஆலந்தூர் மலைமேடு பகுதிகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உயிர்ப்பலியும் நேர்ந்தது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று பகுதி மக்கள் குமுறினார்கள். தண்ணீர் மாதிரிகளின் ஆய்வு முடிவு வருமுன்பே, அப்படிக் கலக்கவில்லை என்று அமைச்சர் தா.மோ.அன்பரசன் மறுத்தார். ஆய்வுக்கு அனுப்பிவிட்டு முடிவையும் முன்கூட்டியே சொன்னால், பிறகு வரும் முடிவை யார் நம்புவார்கள்?

ஆக, சந்தேகப்படுவது குடிமக்களின் உரிமை. அதை யாரும் பறிக்க முடியாது. கேள்வி கேட்கிற சந்தேகம் ஊருக்கு நல்லது. தண்ணீரை ஆய்வுக்கு எடு, கணக்கைக் காட்டு, திறந்துவிட்ட நேரத்தைச் சொல் என்று அது கேட்கும். பதில் கிடைத்தால் அமைதியாகும். இப்போது காதில் ஊற்றப்படுவது வேறு வகை. அதற்குப் பதிலே வேண்டாம். பதில் வந்தால் நிகழ்ச்சி முடிந்துவிடும், நாளைக்குப் பேச விஷயம் இருக்காது. எனவே ஒவ்வொரு பதிலும் இன்னொரு சதி என்றே காட்டப்படுகிறது. பார்வையும் பகிர்வும் விளம்பரக் காசும் சந்தேகம் தீராமல் இருப்பதில்தான் இருக்கின்றன.

இதன் விளைவுகள் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்குப் போட வேண்டிய ஊசி. பள்ளிக்கூட வாசலுக்கு வந்த தாய்மார்கள், "ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆபத்தாமே" என்று கைப்பேசியைக் காட்டித் திரும்பிப் போனார்கள். மாத இறுதியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்ட வேண்டியதாயிற்று. தடுப்பூசிக்கு முன்னோடி என்று பெயர் வாங்கிய மாநிலத்தில் நடந்தது இது.

2018 ஜூலையில் திருப்பூரில் 28 வயது ஆசிரியை ஒருவர், யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ரத்தப்போக்கால் இறந்தார். குழந்தை பிழைத்தது. அந்தச் சாவின் ஈரம் காய்வதற்குள், வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று கோவையில் விளம்பரம் வந்தது. அதை அறிவித்த ஹீலர் பாஸ்கர் அந்த ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். 2020 மார்ச்சில் கொரோனா பற்றிய குரல் பதிவுக்காக அவர் மீண்டும் கைதானார். ஒரு கைது முடிந்து இன்னொரு கைது வரும்வரை பேச்சு நிற்கவில்லை, கேட்கும் கூட்டமும் குறையவில்லை. வழக்கு மட்டுமே மருந்து ஆகாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் மக்களுக்குத் தைரியம் சொல்லி அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் மறைந்தார். ஊசியால்தான் செத்தார் என்ற பேச்சு அன்று மாலையே தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு சொன்னது அக்டோபரில். இடையில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. எத்தனை வீடுகளில் பெரியவர்கள் "அப்புறம் போட்டுக்கலாம்" என்று ஊசியைத் தள்ளிப்போட்டார்கள்? வதந்திக்கு ஒரு மாலை போதும், பதிலுக்கு ஆறு மாதம் ஆகிறது. இந்த இடைவெளியில்தான் உயிர்கள் போகின்றன.

2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் இந்தியில் பரவின. இங்கே வேலை செய்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையங்களுக்கு ஓடினார்கள். வடக்கத்தியர் நம் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று இங்கே தமிழில் ஒரு குரல், தமிழர்கள் உங்கள் பிள்ளைகளைக் கொல்கிறார்கள் என்று அங்கே இந்தியில் ஒரு குரல். பழைய மகாபலிபுரம் சாலையில் மாடிக்கு மாடி கட்டடம் எழுப்புகிற தொழிலாளியும், அவர் தங்கும் கொட்டகைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற நம் குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயப்படுகிறோம்.

இந்த வழி எங்கே போய் முடியும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. ருவாண்டாவில் 1993 ஜூலையில் ஒரு தனியார் வானொலி தொடங்கப்பட்டது. புதுப் பாட்டு, கேலிப் பேச்சு, தெருவில் பேசுகிற மொழி, நேயர்களோடு அரட்டை என்று இளைஞர்களை இழுத்துக்கொண்டது. அந்த அரட்டைக்கு நடுவே டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிப் பழக்கியது. 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியதும், யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பதையும் அதே குரல்கள் சொல்லின. சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வானொலியை நிறுவியவர்களைச் சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003இல் தண்டித்தது. அமெரிக்காவில், சர்ச்சைக்குரிய விஷயத்தில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்றிருந்த விதி 1987இல் நீக்கப்பட்டது. அதன்பின் ஒருபக்கப் பேச்சு வானொலி பெரும் தொழிலாக வளர்ந்தது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிஞ்சுக் குழந்தைகளும் ஆறு ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அது நடிப்பு என்று தன் நிகழ்ச்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார் பேச்சு வானொலி நடத்திய அலெக்ஸ் ஜோன்ஸ். பிள்ளையைப் புதைத்த பெற்றோரை, "நீ நடிகன்தானே" என்று நேயர்கள் துரத்தித் துரத்தி மிரட்டினார்கள். ஏறத்தாழ 150 கோடி டாலர் நஷ்ட ஈடு கொடுக்க 2022இல் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அந்தப் பெற்றோர் பட்ட பாட்டுக்குப் பத்து ஆண்டு கழித்துத்தான் அந்த நீதி வந்தது.

நம் ஊரில் இத்தகைய குரல்கள் புகுந்த இடம் காலியாகக் கிடந்ததற்கு அரசின் கொள்கையும் ஒரு காரணம். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி, நம் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் 2004 பிப்ரவரியில் ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் அந்த உரிமை விரிந்தது. ஆனால் தனியார் பண்பலைக்கும் சரி, சமுதாய வானொலிக்கும் சரி, சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்தடை அறிவிப்புகளைச் சொல்லலாம். நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்லலாம்; ஏன் வராது என்று பொறியாளரை உட்காரவைத்துக் கேட்கப் போனால் அது செய்தியாகிவிடும். பெயரும் முகவரியும் உரிமமும் உள்ள, நாளைக்கு யாரும் வாசலில் வந்து கேள்வி கேட்கக்கூடிய வானொலியின் வாயைக் கட்டினோம். பெயர் தெரியாத, தவறினால் மன்னிப்புக்கூடக் கேட்காத குரல்களுக்கு ஊரை விட்டுவிட்டோம்.

இதற்கு அரசே உண்மை எது, பொய் எது என்று முத்திரை குத்துவதும் தீர்வாகாது. ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்க்கும் பிரிவுக்காகக் கொண்டுவந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது சரியே. குற்றம் சாட்டப்படுகிறவரே நீதிபதியாக உட்கார முடியாது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய தகவல் சரிபார்ப்பகத்துக்கும் இது பொருந்தும். எதிர்க்கட்சி சொன்னதை மறுக்கும் வேகத்தில், அரசு அதிகாரி சொன்ன பொய்யையும் அது மறுக்குமா என்பதே அதன் நம்பகத்தன்மைக்கு உரைகல்.

உடனடியாக, தெளிவாக, பெயர் போட்டுச் சொன்ன பதிலுக்குச் சக்தி உண்டு. 2015 வெள்ளத்தின்போது வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வதந்தி பரவியது. பண்ணை நிர்வாகம் மறுத்தது, பயம் அடங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடக்கும் காணொளி பரவியபோது, அதுவும் கட்டுக்கதை என்றே பலர் நினைத்தார்கள். அது உண்மை. அங்குள்ள நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதையும், அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கும் சுபாவம் கொண்டவை என்பதையும், யாரும் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம் என்பதையும் வனத்துறைச் செயலாளராக இருந்த சுப்ரியா சாகு உடனே வெளிப்படையாகச் சொன்னார். மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. மக்கள் நம்பினார்கள், எச்சரிக்கையாக இருந்தார்கள். இரண்டு மழையிலும் பேச்சு முதலையைப் பற்றித்தான். ஒன்று பொய், ஒன்று மெய். எது எது என்று ஊருக்குத் தெரிந்தது பொறுப்பான ஒருவர் நேரத்தோடு வாய் திறந்ததால்தான்.

ஆகவே நாம் கேட்பவை இவை. தாம்பரம் மாநகராட்சி தன் 70 வார்டுகளிலும் குடிநீர் ஆய்வு முடிவை மாதந்தோறும் தெருப் பெயரோடு வெளியிட வேண்டும். கெட்ட முடிவு வந்தாலும் வெளியிட வேண்டும். தகவல் உரிமைக்கு 1997லேயே நாட்டில் முதன்முதலாகச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. கேட்காமலே தகவலைத் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் சொல்கிறது. மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் திறப்பு, அடையாற்று நீர்மட்டம் இரண்டையும் மணிக்கொரு முறை ஓர் அதிகாரி தன் குரலில், தன் பெயரில் அறிவிக்க வேண்டும். அந்தக் குரல் பதிவு, வதந்தி வருகிற அதே வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு முந்திப் போய்ச் சேர வேண்டும்.

2022 நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி நாளன்று, முதல்வர் மு.க.ஸ்டாலினே பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து மக்களின் குறை கேட்டார். அந்தக் கூட்டங்கள் சடங்காகத் தேயக் கூடாது. ஒவ்வொரு கூட்டமும் போன கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கான பதிலோடு தொடங்க வேண்டும். சமுதாய வானொலி அதை அப்படியே ஒலிபரப்ப வேண்டும். அதற்கு உள்ளூர்ச் செய்தி மீதான தடையை ஒன்றிய அரசு நீக்க வேண்டும். செய்தி சொல்கிறவர் முகவரியோடு இருக்கட்டும், தவறினால் அதே நேரத்தில், அதே குரலில் திருத்தட்டும் என்ற நிபந்தனையை வைக்கலாம். வாய்ப்பூட்டு வேண்டாம்.

மாற்றுக் குரல் என்று தங்களை அழைத்துக்கொள்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். அதிகாரத்தைக் கேள்வி கேளுங்கள், நாங்களும் உங்களோடு நிற்போம். ஆனால் ஒரு தாய் பிள்ளைக்கு ஊசி போடாமல் திரும்பியதற்கும், ஒரு மூதாட்டி வழி கேட்ட இடத்தில் செத்ததற்கும், பேசியவருக்குப் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. யார் சொன்னது, எப்படித் தெரியும், தவறென்றால் என்ன செய்வீர்கள் என்ற மூன்று கேள்விகளை நீங்கள் அரசிடம் கேட்கிறீர்கள். அதே மூன்றையும் உங்களிடம் கேட்க நேயர்களுக்கும் உரிமை உண்டு.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். இன்னொரு நள்ளிரவில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்து, "தண்ணீர் வருகிறது, வீட்டை விட்டு வெளியேறுங்கள்" என்று சொல்லும். அதை அரசு நாடகம் என்று ஒருவர் கைப்பேசியில் சொல்லி, ஊர் அதை நம்பிப் படுத்துவிட்டால், அந்தச் சாவுகளைத் தடுக்க எந்தப் படகும் போதாது. நம்பிக்கையை மழை வந்த பிறகு சம்பாதிக்க முடியாது. உண்மையை மறைக்காமல் சொல்லும் வேலையை மாநகராட்சியும் மாநில அரசும் இப்போதே தொடங்க வேண்டும். கேட்டதைப் பகிர்வதற்கு முன் யார் சொன்னது என்று கேட்கும் வேலையை நாம் ஒவ்வொருவரும் இன்றைக்கே தொடங்க வேண்டும்.